பின்சீட்டு அத்தியாயம்

கிளட்ச்சிலிருந்து காலை எப்படி எடுப்பது என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்கலாம். "மெதுவா, மெதுவா" என்று கத்துவார்கள். கத்தினால் காலுக்கு என்ன தெரியும்? அந்த டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் கத்த மாட்டார். "தூங்க வச்ச குழந்தை மேல இருந்து கையை எடுப்பீங்க இல்ல, அப்படி எடுங்க" என்பார். அவ்வளவுதான், வண்டி துள்ளாமல் நகரும். சும்மா சொல்லக்கூடாது, மனிதருக்கு அது கைவந்த கலை. எதிரில் இருப்பவர் பேராசிரியரோ, கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவரோ, அவரவருக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிடுவார். கடைசியில் அவர் காலை வாரிவிட்டதும் அந்தக் கலைதான்.

லைசென்ஸ் அலுவலக வாசலில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காத்திருப்பது அவர் வேலையில் பாதி. மற்ற பள்ளிக்காரர்கள் அரட்டை அடிப்பார்கள், இவர் படிப்பார். ஒருநாள் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த தடிமனான புத்தகம் ஒன்று கிடைத்தது. இருத்தலியல் பற்றியது. மனிதன் எதற்காகப் பிறந்தான், அவனை நடத்துகிறவர் யாராவது உண்டா, இல்லையென்றால் என்ன செய்வது என்கிற சமாசாரம். முதல் முறை படித்தபோது ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனாலும் விட மனசில்லை. பல் இடுக்கில் மாட்டிய நார் மாதிரி அது உறுத்திக்கொண்டே இருந்தது.

பிறகு ஒருநாள் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும்போதே பிடிபட்டது. கற்றுக்கொடுக்கிற காரில் பக்கத்து சீட்டுக்குக் கீழே மாஸ்டருக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் மாஸ்டர் மிதித்து நிறுத்துவார். அந்தத் தைரியத்தில்தான் எல்லாரும் ஸ்டீயரிங்கையே பிடிக்கிறார்கள். மாஸ்டர் வீட்டுக்கு வந்து எழுதினார்: "வாழ்க்கையில் அந்த இரண்டாவது பிரேக் கிடையாது. அப்பா மிதிப்பார், சாமி மிதிக்கும், ஊர் மிதிக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. இருப்பதாக நடிப்பது நமக்கு வசதி."

ஒரு வார இதழ் அதை வெளியிட்டது. இன்னும் எழுதுங்கள் என்றது. பயத்துக்கும் பதற்றத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அடுத்த வாரம் எழுதினார். எதிரில் லாரி வந்தால் வருவது பயம். லாரியே இல்லாத ரோட்டில், இந்த ஸ்டீயரிங்கை எந்தப் பக்கமும் திருப்பலாம், திருப்பப்போவது என் கைதான் என்று வயிறு கலங்குகிறதே, அது பதற்றம். பேராசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதிக் குழப்பியதை மனிதர் மூன்று வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். முடிதிருத்துகிறவர் படித்தார், மருந்துக்கடைப் பெண் படித்தாள், பஸ் டிப்போவில் சத்தமாக வாசித்துக் காட்டினார்கள். ஒரு பதிப்பாளர் தேடி வந்து புத்தகமாகப் போடலாம் என்றார். 'பக்கத்து சீட்டில் யாரும் இல்லை' என்று தலைப்பு வைத்தார்கள்.

புத்தகத்துக்காக எழுதியதையெல்லாம் முதலில் வீட்டுக்காரியிடம் வாசித்துக் காட்டுவார். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். கத்தி நிற்காமல் ஓடினால் பத்தி பாஸ். கத்தி நின்று, "என்ன சொல்றீங்க?" என்று அவள் தலையைத் தூக்கினால் ஃபெயில். மாஸ்டர் முனகிக்கொண்டே போய் மாற்றி எழுதிக்கொண்டு வருவார். புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமும் அந்த வெங்காய வாசனையில் தேர்வானதுதான்.

ஒரே ஒரு அத்தியாயம்தான் படுத்தி எடுத்தது. அந்தத் தடிப் புத்தகத்தின் பின்பாதி முழுக்க அடுத்தவரைப் பற்றியது. நீ உனக்காகத் தேர்ந்தெடுப்பதாக நினைக்கிறாய், அது உன்னோடு நிற்பதில்லை. உன்னைப் போலவே அடுத்தவரும் ஓர் ஆள்தான், உன் விடுதலை அவர் விடுதலையோடு சேர்ந்துதான் கிடக்கிறது என்று என்னென்னவோ சொன்னது. மாஸ்டர் அதற்குப் 'பின்சீட்டு' என்று பெயர் வைத்து எழுதிப் பார்த்தார். வண்டியில் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் சுமையா, துணையா, அவர்களுக்கும் கையில் ஒரு ஸ்டீயரிங் உண்டா? உண்டென்றால் ஒரே வண்டியை எத்தனை பேர் ஓட்டுவது? எழுத எழுத வழவழ கொழகொழவென்று ஆனது. வாசித்துக் காட்டியபோது கத்தி நிற்கக்கூட இல்லை. அவள் சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள்.

மாஸ்டர் பதிப்பாளருக்குப் போன் போட்டார். "சார், அந்தப் பின்பகுதி சாதாரண வாசகருக்கு ஏறாது. விட்டுடலாம்னு பார்க்கிறேன்."

"நானும் அதான் நினைச்சேன் மாஸ்டர். கனமா இருந்தா கையில எடுக்க மாட்டாங்க" என்றார் பதிப்பாளர்.

பழியைத் தூக்கி யார் தலையில் போட்டார், பார்த்தீர்களா? வாசகர் தலையில். வாசகருக்குப் புரியாதாம். உண்மையில் புரியாதவர் இவர். ஊருக்கெல்லாம் புரிய வைக்கிறவர் என்று பெயர் எடுத்துவிட்டு, எனக்கே புரியவில்லை என்று எந்த வாயால் சொல்வது? மென்று விழுங்கிவிட்டார். புத்தகம் மெலிசாக, அழகாக வந்தது. நன்றாகவும் போனது. விசிட்டிங் கார்டில் 'டிரைவிங் மாஸ்டர்' என்பதற்குப் பக்கத்தில் 'எழுத்தாளர்' என்று சேர்த்து அடித்துக்கொண்டார்.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் காலை கண்ணாடிக்கடைக்காரர் வந்தார். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர், மாஸ்டரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் தயங்குகிற ஆள். இன்றைக்கு மாணவர்கள் எல்லாரும் பார்க்க மாஸ்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கையில் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு.

"மாஸ்டர், கிளம்பிட்டேன்."

"எங்கே?"

"வீட்டை விட்டு. கடையையும் விட்டாச்சு. சைக்கிள் கடைக்கு மேல ஒரு ரூம் எடுத்திருக்கேன்."

"என்ன பண்ணப்போறீங்க?"

"அதை இன்னும் முடிவு பண்ணல. காலையில எழுந்ததும் இன்னிக்கு யாரா இருக்கலாம்னு யோசிக்கிறேன். உங்க புத்தகம் படிச்ச அப்புறம்தான் மாஸ்டர் எனக்குக் கண்ணே திறந்தது."

மாஸ்டருக்கு அப்போது என்ன தோன்றியது என்பதைச் சொல்லியாக வேண்டும். பெருமையாக இருந்தது. இரண்டு மாணவர்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுவும் சேர்ந்து நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அதற்கப்புறம்தான் கேட்கத் தோன்றியது. "வீட்டுல உங்க சம்சாரம், அம்மா?"

அம்மா படுத்த படுக்கை என்பது மாஸ்டருக்குத் தெரியும்.

"அவங்களுக்கும் பக்கத்து சீட்டுல யாரும் இல்லைன்னு தெரியட்டும் மாஸ்டர்" என்று கண்ணாடிக்கடைக்காரர் சிரித்தார். புத்தகத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். மாஸ்டர் 'வாழ்த்துகளுடன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த ஒரு வார்த்தையை நினைத்து அவர் பின்னால் பட்ட பாடு கொஞ்சமில்லை.

சில நாள் கழித்து ஒரு பெண்மணி வந்து, ஒரே ஒரு வகுப்பு எடுத்துப் பார்க்க முடியுமா என்று ஆபீசில் கேட்டாள். சேரலாமா வேண்டாமா என்று பார்க்க நிறைய பேர் அப்படி வருவார்கள். மாஸ்டர் அவளை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் போடச் சொல்லி, குழந்தை மேலிருந்து கையை எடுக்கிற கதையைச் சொன்னார். வண்டி ஒரு முறை அணைந்து, அடுத்த முறை நகர்ந்தது. மார்க்கெட் ரோட்டுக்கு வந்ததும் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் பேசினாள்.

"மாஸ்டர், நான் கார் கத்துக்க வரல. உங்களைத் தனியாப் பிடிக்கணும்னா இதான் வழின்னு சொன்னாங்க. நான் கண்ணாடிக்கடைக்காரர் சம்சாரம்."

மாஸ்டர் "சொல்லுங்கம்மா" என்றார்.

"உங்க புத்தகத்தை ரெண்டு தடவை படிச்சேன். நல்லாத்தான் இருக்கு, எல்லாம் புரியுது. அவர் ஏன் போனார்னும் புரியுது. ஒண்ணே ஒண்ணுதான் கேட்கணும். அதுல நான் எந்தப் பக்கத்துல வர்றேன்?"

மாஸ்டரின் கால் தானாகப் போய் அவர் பக்கத்து பிரேக்கை மிதித்தது. நட்டநடு ரோட்டில் வண்டி குலுங்கி நின்றது. பின்னால் ஹாரன்கள் கிளம்பின. ஒரு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, கற்றுக்கொள்கிறவளைத் திட்டாமல் மாஸ்டரையே திட்டிவிட்டுப் போனார்.

"அத்தையைத் திருப்பிப் படுக்க வைக்க ரெண்டு பேர் வேணும்" என்றாள் அவள். "ஒருத்தர் தோளைப் பிடிக்கணும், ஒருத்தர் துணியை இழுக்கணும். இப்ப நான் ஒருத்திதான். பக்கத்து சீட்டுல யாரும் இல்ல, சரி. பின்னால இருந்தோமே, நாங்க ரெண்டு பேர். எங்களைப் பத்தி ஒரு வரிகூடக் காணோமே."

"அது... அடுத்த பதிப்புல வருதும்மா" என்றார் மாஸ்டர்.

சொன்னதுமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இத்தனைக்கும் அவள் குரலை உயர்த்தவில்லை, அழவில்லை. "அப்படியா" என்றாள். அவர் சொன்னதை நம்பிவிட்டாள். "அப்ப அதை அவர்கிட்ட இப்பவே சொல்லிடுங்க மாஸ்டர். நீங்க சொன்னா கேட்பார். நான் சொன்னா அது பக்கத்து சீட்டு பிரேக்காம்."

அன்றைக்கு மாஸ்டர் தட்டில் சாப்பாடு அப்படியே இருந்தது. வீட்டுக்காரி என்னவென்று கேட்டாள். பூசி மெழுகிச் சொல்லப் பார்த்தார், முடியவில்லை. கார், பிரேக், அடுத்த பதிப்பு என்று எல்லாவற்றையும் சொன்னார்.

"நீதான் தூங்கிட்டியே அன்னிக்கு" என்று கடைசியில் அவள் மேலேயே பாய்ந்தார். "நீ முழிச்சிருந்து கேள்வி கேட்டிருந்தா நான் இன்னொரு தடவை எழுதியிருப்பேன்."

"புரியல, தூங்கிட்டேன். உங்களுக்குப் புரிஞ்சுதா?"

மாஸ்டர் தட்டைத் தள்ளி வைத்தார். அவள் விடவில்லை. "இல்ல, நிஜமாத்தான் கேட்கிறேன். புரிஞ்சிருந்தா எனக்கும் புரிய வச்சிருப்பீங்களே. கியர் பாக்ஸையே புரிய வச்சவராச்சே."

"புரியல" என்றார் மாஸ்டர். முதல் தடவையாக அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தது. வந்ததும் நிம்மதியாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். இருக்கவில்லை. கூனிக் குறுகிப்போனார். புரியாதது குற்றமில்லை, யாருக்கு எல்லாம் புரிகிறது? புரியாததை மறைத்து, புரிந்த பாதியை முழுசு என்று விற்றதுதான் அவரை அரித்தது. பிரேக் எது ஆக்ஸிலேட்டர் எது என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு, ரோட்டில் ஆட்கள் நடப்பார்கள் என்பதைச் சொல்லாமல் ஒருவரை அனுப்பியிருக்கிறார். தன் பள்ளியில் வேறு எவனாவது அப்படிச் செய்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பார்.

மறுநாளே சைக்கிள் கடைக்கு மேல் இருந்த ரூமுக்குப் போனார். கீழே பஞ்சர் ஒட்டுகிற ரப்பர் வாசனை மேலேயும் இருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் தரையில் பாயில் படுத்துக்கொண்டு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டரைக் கண்டதும் துள்ளி எழுந்து, அங்கே இருந்த ஒரே நாற்காலியில் உட்காரவைத்தார். சுவர் அலமாரியில் வேறு எதுவும் இல்லை, புத்தகம் மட்டும் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றார் மாஸ்டர். வழியெல்லாம் எளிமையாகச் சொல்ல உதாரணம் தேடிக்கொண்டே வந்திருந்தார். ஒன்றும் கிடைக்காமல் அப்படியே சொன்னார். "அந்தப் புத்தகம் பாதி. பின்சீட்டுன்னு இன்னொரு பாகம் இருக்கு. கூட இருக்கிறவங்களைப் பத்தி. அது எனக்குப் புரியல, அதனால விட்டுட்டேன். வாசகருக்குப் புரியாதுன்னு பதிப்பாளர்கிட்ட பொய் சொன்னேன். நீங்க பாதியைப் படிச்சிட்டுக் கிளம்பி வந்துட்டீங்க."

கண்ணாடிக்கடைக்காரர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் புத்தகத்தைப் பார்த்தார். அப்புறம் அசடு வழியச் சிரித்தார்.

"அதுக்கா மாஸ்டர் இவ்வளவு தூரம் வந்தீங்க? நீங்க வருத்தப்படாதீங்க. போகணும்னு எனக்கு எப்பவோ தோணிடுச்சு. அம்மா படுக்கையில விழுந்த நாள்ல இருந்தே. ஆனா யாராவது ஏன் போனேன்னு கேட்டா சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல. உங்க புத்தகம் வந்துச்சு. இப்ப கேட்டா எடுத்துக் காட்டலாம்."

"அப்ப, என் புத்தகத்தால நீங்க போகல?"

"புத்தகம் படிச்சிட்டு யாராவது வீட்டை விட்டுப் போவாங்களா மாஸ்டர்?"

"திரும்பிப் போங்க" என்றார் மாஸ்டர். "உங்க சம்சாரம் ஒத்தை ஆளாக் கஷ்டப்படுறாங்க."

"பார்க்கலாம்" என்றார் அவர், உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே. வருகிறவர் சொல்கிற 'பார்க்கலாம்' இல்லை அது.

படியிறங்கும்போது மாஸ்டருக்கு மூச்சு லேசாக வந்தது. நம் மேல் தப்பில்லை, அவரே சொல்லிவிட்டார், புத்தகம் வெறும் சாக்கு. கடைசிப் படி வரை அந்தச் சந்தோஷம் இருந்தது. கீழே வந்து சைக்கிள் கடைக்காரர் நகர்ந்து வழி விட்டபோதுதான் உறைத்தது. பக்கத்து சீட்டில் யாரும் இல்லை என்று சொன்ன புத்தகத்தையே கொண்டுபோய்ப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்திருக்கிறான் மனுஷன். அதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது யார்? ஒரு அம்மா அங்கே திரும்பிப் படுக்க ஆளில்லாமல் கிடக்க, தன் மேல் பழி இல்லை என்று தெரிந்ததும் துள்ளிக்கொண்டு படியிறங்கியது யார்? காரில் பட்ட வெட்கமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. நடுத்தெருவில் நின்றுகொண்டு மாஸ்டர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போயிருக்கலாம். ஸ்கூலுக்குப் போயிருக்கலாம், வகுப்பு இருந்தது. கண்ணாடிக்கடைக்குப் போனார்.

கடையில் ஆள் யாரும் இல்லை. கண்ணாடி பிரேம்கள் வரிசையாக மாட்டியிருந்தன. பின்னாலேயே வீடு. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "யாரா இருந்தாலும் கொஞ்சம் இருங்க, இதோ வர்றேன்" என்று அவள் குரல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது.

"நான்தாம்மா, டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்."

திரை விலகியது. அவள் முகம் பூராவும் வியர்வை. அவர் தனியாக வந்திருப்பதைப் பார்த்தாள், அவருக்குப் பின்னால் தெருவையும் ஒரு தரம் பார்த்தாள். தெரிந்துகொண்டாள்.

"அடுத்த பதிப்புல வருதுன்னு சொன்னது பொய்ம்மா" என்றார் மாஸ்டர். "அந்த அத்தியாயம் எனக்கு எழுத வரல. எனக்கே புரியல. அதை அவர்கிட்டயும் சொல்லிட்டேன். அவர் வர்ற மாதிரி தெரியல."

அவள் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பார். "உள்ளே வந்து கொஞ்சம் பிடிக்கிறீங்களா?" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "அவர் பிரேம் வாங்க வெளியூர் போயிருக்கார்னு அத்தைகிட்ட சொல்லி வச்சிருக்கேன்" என்றாள்.

கட்டிலில் அந்த அம்மா பாதி திரும்பியும் திரும்பாமலும் கிடந்தார். மாஸ்டர் குனிந்து தோளுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தார். பார்க்க எலும்பும் தோலுமாக இருந்தவர், பிடித்தால் அப்படிக் கனத்தார். மருமகள் அடியிலிருந்து துணியை உருவத் தொடங்கினாள்.

"யாரும்மா இது?"

"கார் சொல்லிக்கொடுத்தாரே, அந்த மாஸ்டர், அத்தை."

"புத்தகம் எழுதினவரா?" அந்த அம்மா கழுத்தைத் திருப்பி மாஸ்டரைப் பார்க்க முயன்றார். முகம் மலர்ந்துவிட்டது. "என் பையன் உங்க புத்தகத்தைக் கீழேயே வைக்க மாட்டான் தம்பி. எனக்கும் படிச்சுக் காட்டுவான். எவ்வளவு கஷ்டமான விஷயம், எப்படிப் புரியுது பாரும்மான்னு சொல்லிட்டே இருப்பான்."

மாஸ்டருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கையை எடுக்கவும் வழியில்லை. "இல்லம்மா" என்றார். "முக்கியமான ஒரு பாகம் எனக்குப் புரியல. அதை விட்டுட்டுத்தான் எழுதினேன்."

"அதனால என்ன தம்பி" என்றார் அந்த அம்மா ஆறுதலாக. "என் பையன் கெட்டிக்காரன். நீங்க விட்டதை அவனே புரிஞ்சுக்குவான்."

மருமகள் தலையைத் தூக்கவில்லை. புதுத் துணியை உதறி விரித்து, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினாள்.

"இன்னும் கொஞ்சம் பிடிங்க மாஸ்டர்" என்றாள். "இந்தப் பக்கம் ஆகல."

மாஸ்டர் பிடித்துக்கொண்டு நின்றார்.